பள்ளிச் சீருடையில் வந்த பெண்ணை எங்கே அனுப்பினீர்கள்?

சின்னத்திரைத் தொடர்களுக்குக் கதை, வசனம் எழுதுகிறவர்களுக்கும், எந்தக் கதை ஓடட்டும் என்று சேனல்களில் முடிவெடுக்கிறவர்களுக்கும், வணக்கம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் ஐந்து பேர். வெள்ளி வளையங்களைச் சாமணத்தில் பிடித்துக் கோர்ப்பதும், பற்றவைப்பதும் எங்கள் வேலை. பற்றவைக்கும் நேரத்தில் ஃபேன் போட முடியாது, நெருப்பு அலையும். அந்தப் புழுக்கத்தில் மதியம் முழுக்க எங்களுக்குத் துணை உங்கள் தொடர்கள்தான். மதியத் தொடர் முடிந்ததும் முந்தின நாள் ராத்திரி தவறவிட்டதைச் செல்போனில் ஓட விடுவோம். ஆனால் நாங்கள் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். கண் கொலுசில் இருக்கும். ஒரு வளையம் தவறினால் அந்தச் சரத்தையே பிரிக்க வேண்டும். அதனால் யார் என்ன புடவை கட்டினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. யார் என்ன பேசினார்கள் என்பது ஒரு சொல் விடாமல் தெரியும்.

அப்படிக் கேட்டு மனதில் தங்கிவிட்ட ஒரு பெண்ணைப் பற்றித்தான் இந்த மடல்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மதியத் தொடரில் பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். தொடரின் பெயர் வேண்டாம், இது ஒருவரோடு நிற்கிற குறை இல்லை. நாயகியின் நாத்தனார் மகள். முதலில் நன்றாகத்தான் எழுதியிருந்தீர்கள். பாட்டியிடம் வாய் பேசுவாள், தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள், அம்மாவுக்குத் தெரியாமல் மாவடு திருடித் தின்பாள். அவள் குரல் வந்தாலே எங்கள் பட்டறையில் மூத்த அக்கா, "வந்துட்டா பாரு நம்ம கண்ணு" என்பார்.

அப்புறம் கூடப் படிக்கிற பையன் ஒருவன் அவளிடம் செல்போன் கொடுத்தான். வீட்டில் மாட்டிக்கொண்டாள். அடி, அழுகை, "குடும்ப மானமே போச்சு" என்று மூன்று வாரம் ஓடியது. அப்பா அவளுடைய ஹால் டிக்கெட்டைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாயகி வாதாடி வாங்கிக் கொடுப்பாள் என்று தினமும் காத்திருந்தோம். திடீரென்று ஒரு திங்கட்கிழமை, 'சில மாதங்களுக்குப் பிறகு' என்று போட்டீர்கள். அந்தப் பெண் கழுத்தில் தாலியோடு வந்து காபி கொடுத்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு வசனமே இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிற எங்களுக்கு, அவள் செத்துப்போனது மாதிரிதான்.

அந்த மூன்று வாரத்தில் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். என் அண்ணன் மகள் அப்போது பிளஸ் ஒன். ஒரு தப்பும் செய்யவில்லை. "டிவியில பார்த்தேல்ல" என்று சொல்லியே அவளை டியூஷனிலிருந்து நிறுத்தினார்கள். வேதியியல் சந்தேகம் கேட்க வைத்திருந்த செல்போனும் போனது. பக்கத்து வீட்டிலும் அதே பேச்சு. பயம் பெரியவர்களுக்கு முன்பே இருந்தது, நீங்கள் உண்டாக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு கதையை எடுத்துக் கொடுத்தீர்கள்.

உங்களால் வேறு மாதிரி எழுத முடியும் என்று எனக்குத் தெரியும். 2006-இல் விஜய் டிவியில் 'கனா காணும் காலங்கள்' வந்தபோது நானும் பள்ளியில்தான் இருந்தேன். பள்ளிக்கூடமே அங்கே கதை. காதலும் நிறைய இருந்தது, சில இடங்களில் இழுவையும் இருந்தது. ஆனாலும் மறுநாள் எல்லாரும் வகுப்புக்கு வந்தார்கள். ஒரு தப்பு செய்தால் பிள்ளையின் கதை அதோடு முடிந்துபோகாது. அதில் நடித்த பாண்டி 2010-இல் 'அங்காடித் தெரு'வில் வந்தபோது, கூடப் படித்தவனைப் பார்த்தது போலக் கை தட்டினோம்.

பிறகு வந்த 'பாக்கியலட்சுமி' தொடரின் இனியாவையும் சொல்ல வேண்டும். அம்மாவும் அப்பாவும் பிரிந்த பிறகு அவள் அப்பாவோடு போகிறேன் என்று கிளம்பிய அன்று எங்கள் பட்டறையில் சாமணம் கீழே போனது. அவள் அம்மா பாக்கியாவுக்காக அழுதோம், இனியா மேல் கோபப்பட்டோம். ஆனால் தப்பு செய்த அப்பாவையும் ஒரு பிள்ளைக்குப் பிடிக்கும் என்பதை ஒரு தொடர் ஒத்துக்கொண்டது. எங்களில் ஒருத்தி அன்று ராத்திரி தன் மகனை அவன் அப்பாவிடம் போனில் பேச விட்டாள், இரண்டு வருடத்துக்குப் பிறகு. கதை இதையும் செய்யும்.

உங்கள் கஷ்டம் புரியாமல் இல்லை. தினம் ஒரு எபிசோடு எழுதித் தள்ள வேண்டும், வியாழக்கிழமையானால் டிஆர்பி வந்து நிற்கும். ஆனாலும் படிக்கிற பெண் என்றால் ஒன்று மாநிலத்தில் முதல், இல்லாவிட்டால் கெட்டுப்போனவள், இந்த இரண்டுதானா? பிளஸ் டூ தேர்வில் முதலிடம் யார் என்று அறிவிப்பதை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. 600-க்கு 412 வாங்கி, எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று மே மாதம் முழுக்க அலைகிற பெண்தான் எங்கள் வீடுகளில் இருக்கிறாள். அவளை எழுதுங்கள்.

எங்கள் ஊர் கதை கேட்டே வளர்ந்த ஊர். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் நுழைவு வளைவு ஏற்காடு சாலையில் இன்னும் நிற்கிறது. அந்தச் சாலையில் மேலே போனால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டைத் திரையில் காட்டினால் ஏரியைக் காட்டுவார்கள், இல்லை பள்ளத்தில் உருளும் காரைக் காட்டுவார்கள். அதே வளைவுகளில் காலைப் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே இறங்கிக் கல்லூரிக்கு வரும் மலைக்கிராமத்துப் பெண்கள் இருக்கிறார்கள். 2022-இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாயில் நோட்டும் பஸ் காசும் பார்த்துக்கொள்கிறார்கள். இதில் ஆறு மாதத்துக்கான கதை இல்லையா?

ஒரு சின்ன வேண்டுகோளும் உண்டு. யாராவது குடிக்கிற காட்சி வந்தால் உடல்நலத்துக்குக் கேடு என்று கீழே போடுகிறீர்கள். 18 வயதாகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். அந்தக் காட்சியில் மேளம் மட்டும்தான் கேட்கிறது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐக் கீழே போடுங்கள். போடுவதோடு நிற்காமல் யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்லட்டும். எங்களைப் போலக் கேட்டுக்கொண்டே வேலை பார்க்கிறவர்களுக்கும் போய்ச் சேரும்.

என் அண்ணன் மகள் ஒரு வழியாகப் பரீட்சை எழுதினாள். இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். லீவு விட்டால் எங்களோடு உட்கார்ந்து வளையம் கோர்ப்பாள். போன வாரம் அதே தொடரை யாரோ யூடியூபில் ஓட விட்டார்கள். கேட்டுக்கொண்டே இருந்தவள், "அத்தை, அந்த ஹால் டிக்கெட்டை அவ அப்பா கடைசியில கொடுத்தாரா?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து உங்கள் நேயர்