பெட்டி பழசுதான், ஆசிரியரே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் கிருமிகளைக் கண்டுபிடிப்பது பற்றிய கட்டுரையில், மரபணுவைத் தேடிக் கிருமியைக் கண்டறியும் பிசிஆர் சோதனையைப் புகழ்ந்து ஒரு வரி: "பிசிஆர் வந்துவிட்டது, எலக்ட்ரான் நுண்ணோக்கி இனி அருங்காட்சியகத்துக்குத்தான்." பசியாறிக்கொண்டிருந்தவள் தோசையை அப்படியே வைத்துவிட்டேன். இங்கே கோலாலம்பூரில் 27 வருடம் அந்தப் பெட்டியோடுதான் எனக்குக் குடித்தனம்.

மலேசியாவில் பன்றிப் பண்ணைப் பக்கம் மூளைக்காய்ச்சல் பரவிய 1998, 99-ஐப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நெகிரி செம்பிலானில் உள்ள புக்கிட் பெலாண்டோக்கில் பன்றி லோரி ஓட்டிய என் பெரியப்பா மகனும் போட்டுக்கொண்டார். "இனி பயமில்லை தங்கச்சி" என்றார். மார்ச் முடியுமுன் கருமாதி. மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் பிரித்தெடுத்த கிருமியை அமெரிக்காவில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த பிறகுதான், இது கொசு கொண்டுவருகிற சாதியே இல்லை, தட்டம்மை வகையறா என்று தெரிந்தது. அதுதான் நீப்பா கிருமி. மலேசியாவில் 105 பேர் போனார்கள்.

பிசிஆரை நான் பழிக்கவில்லை. ஆனால் அது தேடச் சொன்னதைத்தான் தேடும். பேரே தெரியாத ஆளை எந்தப் பட்டியலில் தேடுவது? நுண்ணோக்கி அப்படியில்லை, எது இருக்கிறதோ அதைக் காட்டும். ஒரு மில்லிலிட்டரில் பத்து லட்சம் கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும் என்பது அதன் குறை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாதிரியை ஏந்தும் 3 மில்லிமீட்டர் செப்பு வலையைச் சாமணத்தில் பிடித்து, ஒரு சொட்டு விட்டு, வடிதாள் முனையால் ஈரத்தை உறிஞ்சி எடுக்கிறவளுக்குத் தும்மல் வந்தால் என்ன ஆகும் என்று உங்கள் கட்டுரையாளருக்குத் தெரியுமா?

இன்னொன்று. போன வருடம் இதே பக்கத்தில் நீலமும் சிவப்புமாக "டிங்கிக் கிருமி" என்று ஒரு படம். எலக்ட்ரான் படத்துக்கு ஏது நிறம்? கறுப்பு வெள்ளைதான், அப்புறம் ஏற்றுவதுதான் நிறம். அதுகூடப் போகட்டும், நீங்கள் போட்டது கிருமியே அல்ல, மகரந்தத் தூள். அப்போதே எழுதினேன், பதிலில்லை. ராசிபலனில் கன்னியும் துலாமும் இடம் மாறியதற்கு மட்டும் மறுநாளே வருத்தம் தெரிவித்தீர்கள்.

அந்த அருங்காட்சியக வரிக்கு ஒரு திருத்தம், இனி வரும் படங்களுக்குக் கீழே "நிறமேற்றியது" என்று ஒரு சொல். முடிந்தால் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
செந்தூல், கோலாலம்பூர்