பாப்பாவுக்கு, நம்ம ஜீப் ஒயரிங் பத்தி

பாப்பா,

நல்லாருக்கியாம்மா. அம்மாவுக்கு சுகர் கொஞ்சம் கொறஞ்சிருக்கு, அத நெனச்சு நீ கவலப்படாத. இத போன்ல சொல்லிரலாம்னுதான் மூணு நாளா பாக்குறேன், நீ எடுத்ததுமே "சொல்லுங்கப்பா, வேலையா இருக்கேன்"ங்கிற, எனக்கும் சொல்ல வந்தது தொண்டையிலயே நின்னுருது. அதான் உக்காந்து டைப் பண்றேன். மெதுவா நேரம் கெடைக்கும்போது படி.

நம்ம ஜீப்ப பிரிச்சுட்டேன். மொத்த ஒயரிங்கும் உருவி வெளிய எடுத்தாச்சு. 91 மாடல் பாரு, 2026ல மறுபடி ஆர்.சி. ரினீவல் வருது, லைட்டு ஹார்ன் இண்டிகேட்டர் எல்லாம் ஒழுங்கா இருந்தாத்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல விடுவாங்க. இங்க என்னடான்னா லெப்ட் இண்டிகேட்டர் போட்டா ஹெட்லைட்டும் சேந்து கண்ணடிக்குது, பிரேக்க மிதிச்சா ஆம்பியர் மீட்டர் முள்ளு துள்ளுது. சின்னமனூர்ல இருந்து ஒரு எலக்ட்ரீசியன கூட்டி வந்து காட்டுனேன், அண்ணே மேலயே ரெண்டு ஒயர் இழுத்து விட்டுர்றேன், ஒரு மணி நேர வேலைன்னாரு. வேணாம்னுட்டேன். மேல மேல இழுத்துத்தான் இந்த கதிக்கு வந்துருக்கு. மதுரையில ரெடிமேட் செட் கெடைக்கும், ஆனா நம்ம வண்டிக்குள்ள இத்தன வருசத்துல எது எதுவோ மாறிப் போச்சு, அது அப்படியே உக்காராது. அதனால நானே கட்டுறேன்.

எல்லாத்துக்கும் முன்னாடி பேட்டரி மைனஸ கழட்டிட்டேன். நீ எந்த வண்டிய தொட்டாலும் மொதல்ல மைனஸத்தான் கழட்டணும், ப்ளஸ்ல ஸ்பேனர வச்சுட்டு அது பாடில பட்டுச்சுன்னா ஸ்பேனரே ஒட்டிக்கும். மாட்டும்போது மைனஸ் கடைசி. ஒனக்கு தெரியும், இருந்தாலும் சொல்றேன்.

பழைய கட்டு அப்படியே ஒரு ஆள் நீளத்துக்கு வந்துச்சு. மாட்டுக் கொட்டகை பலகையில ஆணி அடிச்சு, வளையுற எடத்துல வளைச்சு, பிரியுற எடத்துல பிரிச்சு படுக்கப் போட்டேன், இப்ப அதுக்கு பக்கத்துலயே புது ஒயர அளந்து வெட்டுறேன். ஒவ்வொரு நுனிக்கும் ப்ளாஸ்டர் ஒட்டி பேனாவுல எழுதி வச்சிருக்கேன். ஒயர் மேல இருக்க ரப்பர் எல்லாம் மோர் மொளகா வத்தல் மாதிரி ஆயிருச்சு, மடக்குனா பொட்டுனு ஒடையுது. உள்ள காப்பர் கருப்பா இருக்கு. நுனியில மட்டும்தான் கருப்புன்னு நெனச்சு ஒரு இஞ்ச் வெட்டுனேன், இன்னும் கருப்பு, ஒரு சாண் வெட்டுனேன், அப்பயும் கருப்பு. கருத்த காப்பர்ல ஈயம் ஒட்டவே ஒட்டாது, உருண்டு உருண்டு விழுகுது. வெளிய பாத்தா ஒயர் நல்லா இருக்கும், உள்ள தண்ணி எறங்கி எவ்வளவு தூரம் போயிருக்குன்னு வெட்டிப் பாக்காம தெரியாது.

லைட்டுக்கு எல்லாம் ஒன்ற ஸ்கொயர் எம்எம் ஒயர், ஹெட்லைட்டுக்கு ரெண்டர. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி எஞ்சின சூடாக்குற ஹீட்டர் பிளக்குக்கு ஆறு போடுறேன், நாலு பிளக்கும் சேந்து நாப்பது ஆம்பியர் கிட்ட இழுக்கும், பழசுல யாரோ வீட்டு ஒயர மாட்டி வச்சிருக்கான், அது வண்டி குலுக்கலுக்கு தாங்குமா. எஞ்சின்ல இருந்து சேஸிசுக்கு புது எர்த் பட்டையும் போட்டாச்சு. எஞ்சின் ரப்பர் மேலதான உக்காந்திருக்கு, எர்த் இல்லைன்னா செல்ஃப் அடிக்கும்போது அவ்வளவு கரண்டும் திரும்பிப் போக வழி தேடும், ஆக்சிலேட்டர் கேபிள் வழியா போகும். ஒன் சித்தப்பா வண்டில கேபிள் சிவக்க சிவக்க பழுத்தத நீ பாத்திருக்கேல்ல. எல்லாரும் கேபிள மாத்துனாங்க, நீதான் எர்த்த பாருங்கன்ன. பதினஞ்சு வயசு ஒனக்கு.

ஏலக்காய் பார்சல் திரும்பி வந்துருச்சு. கொரியர்காரன் வீட்டுல ஆள் இல்ல, காலி பண்ணிட்டாங்கன்னு எழுதி அனுப்பிட்டான். நீ வீடு மாறுனத சொல்லலையேன்னு நான் கேக்கல. வேலையில மறந்துருப்ப. மாப்பிள்ளைக்கும் ரெண்டு தடவ போட்டேன், ரிங் போகுது. அவரும் பிசியா இருப்பாரு. அம்மாகிட்ட பார்சல் வந்து சேந்துருச்சுன்னு சொல்லிட்டேன், அதனால நீயும் அப்படியே சொல்லிரு. பொங்கலுக்கு வந்தப்ப நீ ஒத்தையா வந்து ஒத்தையா போனது எனக்கு அன்னைக்கே என்னமோ போல இருந்துச்சு, பஸ் ஸ்டாண்டுல கேக்கணும்னு நெனச்சேன், பஸ் எடுத்துட்டான். அத விடு.

நான் சொல்ல வந்தது வேற.

கட்ட பிரிச்சுக்கிட்டே வந்தேன்ல, டேஷ் போர்டுக்கு பின்னாடி, எஞ்சின் பக்கம் போற ஓட்டை கிட்ட, டேப்ப உரிச்சா உள்ள ஒரு சாண் நீளத்துக்கு எல்லா ஒயரும் உருகி ஒரே கட்டியா கெடக்கு. 2008ல எரிஞ்சது. அப்ப பாத்த எலக்ட்ரீசியன் எரிஞ்சத எடுக்காம மேலயே புது ஒயர் ஓட்டி டேப்ப சுத்திட்டு போயிருக்கான், இத்தன வருசமா அதுக்குள்ளயே இருந்திருக்கு. நான் பிளேட வச்சு ஒண்ணொண்ணா பிரிச்சேன். அப்ப நீ இந்த ஜீப்புல போட்ட ஃபாக் லைட்டோட லைன் தனியா வந்துச்சு, மேல தோலு மட்டும் சூட்டுல இளகியிருக்கு, உள்ள காப்பர் இன்னும் பளபளன்னு இருக்கு. கூடவே நீ மாட்டுன ரிலே, சுவிட்ச்ல கொஞ்சூண்டு கரண்ட விட்டு பெரிய லைட்ட போடுற அந்த சின்ன பெட்டி. ஃபியூஸ் ஹோல்டர தொறந்து பாத்தேன், நீலக் கலர் பதினஞ்சு ஆம்பியர், எரியவே இல்ல பாப்பா. நீ இழுத்த ஒயர்ல ஷார்ட் ஆகியிருந்தா அது மொதல்ல போயிருக்கணும்ல.

எரிஞ்சது ஹார்ன் ஒயர். ஆம்பியர் மீட்டர் போல்ட்ல இருந்து நேரா எடுத்தது, ஃபியூஸ் கெடையாது. அந்த தகட்டு ஓட்டையில ஒயர் ஒரசாம இருக்க மாட்டுற ரப்பர் வளையம், கிராமெட்டு, அதுவும் கெடையாது. வருசக்கணக்கா தகட்டு ஓரத்துல ஒரசி ஒரசி காப்பர் வெளிய வந்து பாடில ஒக்காந்திருக்கு. அதுல ஒரு ஜாயிண்ட் இருக்கு, மூணு முறுக்கு முறுக்கி நுனிய பின்னாடி மடக்கி துணி டேப் சுத்துனது. அப்படி மடக்குறது நான்தான். இந்த ஊர்ல வேற யாரும் அப்படி மடக்க மாட்டாங்க. நீ ஃபாக் லைட் போடுறதுக்கு ஒரு வருசம் முன்னாடி, ஹார்ன் அடிக்கலன்னு பூப்பாறையில வச்சு அவசரமா நான் போட்டது.

அன்னைக்கு நைட்டு போடிமெட்டு எறக்கத்துல, மழ, வண்டில ஏலக்காட்டுல இருந்து திரும்புன பொம்பளைங்க பதினாலு பேரு. டேஷ்ல இருந்து பொகை வந்து லைட்டு பூரா அணைஞ்சு போச்சு, டீசல் எஞ்சின்ங்கிறதால அது பாட்டுக்கு ஓடுது, எனக்கு ரோடே தெரியல. மலைப் பக்கமா ஒடிச்சு மண்ணுல ஏத்தி நிப்பாட்டுனேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா எனக்கு கை நடுக்கம் மறுநாள் வரைக்கும் நிக்கல. அந்த நடுக்கத்தோடதான் ஜீப் ஸ்டாண்டுல அத்தன டிரைவருங்க முன்னாடி ஒன்ன கை நீட்டி அடிச்சேன். பொட்டப்புள்ள கைய வச்சதாலதான் வண்டி எரிஞ்சுச்சுன்னு சொன்னேன். நீ "ஃபியூஸ் இருக்குப்பா, பாருங்கப்பா"ன்னு சொன்ன. ரெண்டு தடவ சொன்ன. நான் பாக்கல. லைட்ட பிடுங்கி எறிஞ்சேன். பாலிடெக்னிக்ல எலக்ட்ரிக்கல் சேக்குறேன்னு சொல்லியிருந்தவன், ஃபாரத்த கிழிச்சுட்டு பி.காம்ல போட்டேன்.

தப்பு என்னோடது பாப்பா. அது ஒன் ஒயர் இல்ல, என் ஒயரு. அன்னைக்கு டேப்ப உரிச்சுப் பாத்திருந்தா அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சிருக்கும். நான்தான் பாக்க மாட்டேன்னு நின்னேன். அதுக்கப்புறம் நீ எங்கிட்ட எதையும் ரெண்டாவது தடவ சொன்னதே இல்ல. நான் இத்தன நாளா புள்ள பொறுப்பா இருக்கு, எதுக்கும் நம்மகிட்ட வந்து நிக்கலன்னு ஊரெல்லாம் பெருமையா சொல்லிட்டு திரிஞ்சேன். நேத்து நைட்டு அந்த ஃபியூஸ கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் திண்ணையிலயே உக்காந்திருந்தேன். அம்மா வந்து என்னன்னு கேட்டா, நான் சொன்னேன். அவ ஒண்ணும் பேசல, எந்திரிச்சு உள்ள போய் பீரோவுல இருந்து ஒன் பழைய கணக்கு நோட்ட எடுத்துட்டு வந்து குடுத்தா. அத அவ வச்சிருக்கான்னே எனக்கு தெரியாது.

பின்பக்கம் நீ படம் போட்டிருக்க. ரெண்டு லைட்டு, ஒவ்வொண்ணும் 55 வாட்ஸ், மொத்தம் ஒம்பது ஆம்பியர் சொச்சம், அதனால பதினஞ்சு ஃபியூஸ்னு கணக்கு போட்டு கீழ கோடு போட்டிருக்க. அடுத்த பக்கத்துல ஹெட்லைட்டுக்கும் ரிலே போடணும்னு எழுதியிருக்க, சுவிட்ச் சூடாகாது, வெளிச்சம் கூடும்னு. அப்ப நம்ம ஸ்டாண்டுல எந்த வண்டிலயும் ரிலே கெடையாது. அந்த படத்த பாத்துத்தான் இப்ப நான் கட்டிட்டு இருக்கேன். ஹார்னுக்கும் தனி ஃபியூஸ் வச்சுட்டேன். எல்லா ஓட்டைக்கும் கிராமெட் வாங்கியாச்சு.

ஒரு வாரத்துல முடிஞ்சுரும். ரயிலு இப்ப சென்ட்ரல்ல இருந்து வாரம் மூணு நாள் நேரா போடிக்கே வருது, நடுவுல எங்கயும் மாற வேண்டியதில்ல, காலையில ஸ்டேஷனுக்கு நானே வந்துருவேன். நீ மட்டும் வந்தாலும் சரிதான். எத்தன நாள் இருந்தாலும் சரிதான், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, கேட்டா நான் பாத்துக்கிறேன். நீயா சொல்லணும்னு தோணுனா சொல்லு, நான் குறுக்க பேச மாட்டேன்.

வண்டிய தொட்டா மைனஸ மொதல்ல கழட்டு.

ஒண்ணு கேக்கணும். ஒன் படத்துல ஹெட்லைட் ரிலே ரேடியேட்டர் பக்கத்துல இருக்கு, லைட்டுக்கு கிட்டன்னு அங்க போட்டிருப்ப போல. ஆனா அங்க மழத்தண்ணி அடிக்குமே, நான் பேட்டரி பக்கம் உள்ளாற தள்ளி வைக்கவா, இல்ல கவர் போட்டு நீ சொன்ன எடத்துலயே வைக்கவா. நீ சொல்ற வரைக்கும் அந்த ஒயர வெட்டாம வச்சிருக்கேன். போட்டோ அனுப்புறேன், பாத்து சொல்லு. அப்படியே புது அட்ரஸும் போடு, ஏலக்கா வாசன போறதுக்குள்ள அனுப்பணும்.

அப்பா