தாத்தாவின் .315-ஐ விற்றுவிடாதே, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

துப்பாக்கி டீலரிடம் ஒப்படைத்திருக்கும் உன் தாத்தாவின் .315 ரைஃபிளை (.315 என்பது அங்குலக் கணக்கில் பேரலின், அதாவது குழலின், உள் அளவு) வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று நீ நினைப்பதாக அக்கா சொன்னாள். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்ததோடு வேட்டை முடிந்துவிட்டது, பெங்களூர் அபார்ட்மென்டில் வேட்டைத் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று கேட்டாயாம். நியாயமான கேள்வி. வேட்டை நின்றதில் எனக்கும் சந்தோஷமே. ஆனாலும் விற்காதே என்று கெஞ்சத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அது என்ன பொருள் என்று தெரிந்துகொள். ராணுவத்தின் .303 தோட்டா இந்தியர்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு தடுத்து வைத்திருந்தது. அதனால் பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. கம்பெனி, ராணுவ ரைஃபிளின் அதே லீ-என்ஃபீல்டு ஆக்‌ஷனில் (தோட்டாவை ஏற்றிப் பூட்டிச் சுடும் பகுதி) ஆஸ்திரியாவின் மான்லிகர் என்ற தோட்டாவுக்கான பேரலைப் பொருத்தி .315 என்று விற்றது. மார்ட்டினி-ஹென்றி என்ற பழைய ராணுவ ரைஃபிள்களுக்குத் தோட்டா கிடைத்துவிடும் என்ற பயத்தில் 1907 வாக்கில் .450-ஐயும் தடுத்தார்கள், உடனே லண்டன் துப்பாக்கிக் கம்பெனிக்காரர்கள் .470, .465 என்று புது அளவுகளைக் கொண்டுவந்தார்கள். ஆள்பவர்களின் பயம் இரும்பில் பதிந்திருக்கிறது, மாப்பிள்ளை! பேரலில் பர்மிங்ஹாம் சோதனை முத்திரை இருக்கும், தேடிப் பார்.

அப்புறம், சுடுகிற சுகம். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் கிடையாது, முன்குறி, பின்குறி, உன் கண், அவ்வளவுதான். லீ ஆக்‌ஷனில் போல்ட்டை, அதாவது பேரலின் பின்வாயை அடைக்கும் தண்டை, முன்னால் தள்ளி மூடும்போதுதான் ஸ்பிரிங் ஏறும், அந்த எதிர்ப்பு உள்ளங்கைக்குத் தெரியும். ட்ரிகர் முதலில் இலகுவாக வந்து ஓரிடத்தில் நிற்கும். அங்கே மூச்சைப் பிடித்து நிதானமாக அழுத்த வேண்டும். நாள் முழுக்க ஸ்க்ரீனைப் பார்க்கிற உனக்கு, ரேஞ்சில் ஒரு பேப்பர் டார்கெட்டின் முன்னால் அப்படி மனசு ஒரே இடத்தில் நிற்பது பெரிய வரம். அனுபவித்தவன் சொல்கிறேன்.

நம் பெங்களூர் வேட்டைக்கார எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டரைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அந்த மாதிரித் துப்பாக்கிக்கு இன்று தோட்டா தேடி அலைய வேண்டும். .315-க்கு அந்தக் கவலையே இல்லை. வங்காளத்து இஷாப்பூரில் ரைஃபிளும் புனே பக்கத்துக் கட்கியில் தோட்டாவும் நம் அரசுத் தொழிற்சாலைகளே செய்தன. அதனால்தான் உன் தாத்தாவுடையது அலமாரிப் பொருளாகிவிடவில்லை.

ஒரு எச்சரிக்கை. தாத்தாவின் பெட்டியில் கிடக்கிற பழைய தோட்டாவைச் சுடவே கூடாது. அந்தக் காலத்துத் தோட்டாக்களின் ப்ரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் பேரலுக்குள் உப்பு படியும். அது ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். எண்ணெய் அதைக் கரைக்காது, கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, பிறகுதான் எண்ணெய் போட வேண்டும். தாத்தா அதை ஒழுங்காகச் செய்தாரா என்று பேரலுக்குள் பார்த்தாலே தெரிந்துவிடும். துப்பாக்கி பழுதுபார்க்கும் நல்ல கன்ஸ்மித் ஒருவர் பேரலையும் போல்ட் பூட்டையும் சோதித்துச் சரி என்று சொன்ன பிறகே முதல் தோட்டா.

சட்டமும் உன் பக்கம் இருக்கிறது. 2016 ஆயுத விதிகளில் வாரிசுக்கு லைசென்ஸ் தர வழியுண்டு. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். உன்னிடம் ஒன்றுகூட இல்லை. தாத்தாவின் லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ், டீலர் தந்த ரசீது மூன்றையும் எடுத்து வை. அக்காவும் மற்ற வாரிசுகளும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரட்டும். போலீஸ் கமிஷனர் ஆபீசுக்கான விண்ணப்பத்தை நாம் சேர்ந்து நிரப்பலாம்.

அன்புடன்,
மாமா