8 வாரத்தில் டர்போ போன டீசல் கார்: பழுதுச் செலவு கோரிப் புகார்

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
பழைய கார் விற்பனை நிலையம்,
பிறை, பினாங்கு.

மதிப்பிற்குரிய ஐயா,

எட்டு வாரங்களுக்கு முன் உங்கள் கடையில் 2016ஆம் ஆண்டு டீசல் கார் ஒன்றை 41,800 மலேசிய வெள்ளிக்கு வாங்கினேன். அன்று மீட்டரில் 121,000 கிலோமீட்டர் இருந்தது. இப்போது அந்தக் கார் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பட்டறையில், இஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவைக் கழற்றிய நிலையில் நிற்கிறது. உங்கள் விற்பனையாளரிடம் நான்கு முறை போனில் பேசியும் சரியான பதில் இல்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். கடையில் நாம் தமிழில்தான் பேசினோம், கடிதமும் தமிழிலேயே இருக்கட்டும்.

போன மாதக் கடைசியில் அம்மாவை அழைத்துக்கொண்டு ஈப்போவுக்குப் புறப்பட்டோம். ஜூரு டோல் தாண்டும்போதே ஒரு விசில் சத்தம் லேசாகக் கேட்டது. சங்காட் ஜெரிங் தாண்டி மலையேற்றம் தொடங்கியதும் அது சைரன் மாதிரி ஆனது. காரில் இழுவை இல்லை. பின்னால் நீலப் புகை, சாலையே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த என் தம்பி லோரி ஓட்டுபவன். "அண்ணே, ஓரங்கட்டி உடனே இஞ்சினை அணைங்க" என்று கத்தினான். டர்போ வழியாக எண்ணெய் உள்ளே போனால் டீசல் இஞ்சின் அந்த எண்ணெயையே எரித்துக்கொண்டு கட்டுக்கு அடங்காமல் ஓடும், சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் போவதுண்டு என்று பிறகுதான் சொன்னான். நல்லவேளை, எங்கள் கார் நின்றது. 71 வயது அம்மா நெடுஞ்சாலை ஓரத்தில் ஒன்றரை மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தார். அதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

பட்டறையில் போமன் (மெக்கானிக்) ஒவ்வொன்றாகக் கழற்றும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். டர்போவின் தண்டு விரலால் தொட்டாலே ஆடியது. அதன் இறக்கைகள் கூட்டில் உரசி ஓரம் உடைந்திருந்தன. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலரைச் சாய்த்தபோது எண்ணெய் கொட்டியது. அப்புறம் டர்போவுக்கு எண்ணெய் போகும் சின்னக் குழாயைக் கழற்றினார். உள்ளே கரி படிந்து பாதிக்கு மேல் அடைத்திருந்தது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டு அது. மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் நிற்கிறது. எண்ணெய் குறைந்தால் தண்டு தேய்ந்துபோகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் விற்பனையாளர் சொன்னது: "நீங்க முறுக்கி ஓட்டியிருப்பீங்க." நான் ஓட்டியது 2,900 கிலோமீட்டர். முக்கால்வாசி வீட்டுக்கும் வேலைக்கும்தான். இரண்டு மாதத்தில் குழாய் அடைக்கும் அளவுக்குக் கரி சேருமா? எண்ணெய் மூடியின் அடியில் தார் போல அழுக்கு திரண்டிருக்கிறது. சர்விஸ் புத்தகத்தில் 78,000 கிலோமீட்டருக்குப் பிறகு ஒரு முத்திரைகூட இல்லை. வாங்கும்போது கேட்டதற்கு, "புத்தகத்தில் எழுத மறந்திருப்பார்கள், நாங்கள் புது எண்ணெய் ஊற்றிவிட்டோம்" என்றார்கள். நான் நம்பினேன். ஊற்றியது உண்மைதான், டிப்ஸ்டிக்கில் எண்ணெய் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் 43,000 கிலோமீட்டர் கவனிக்காமல் விட்டதைக் கடைசியில் ஊற்றிய எண்ணெய் சரிசெய்யாது. அது வாங்க வருபவரின் கண்ணைத்தான் மறைத்தது.

புஸ்பாகோம் என்ற வாகனச் சோதனை நிறுவனத்தின் சோதனையில் தேறிய கார் என்றும் உங்கள் விற்பனையாளர் சொன்னார். அந்தச் சோதனையில் யாரும் டர்போவைக் கழற்றிப் பார்ப்பதில்லை, ஐயா.

உங்கள் வாரண்டி இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும், டர்போ தேய்மானப் பொருள் என்கிறீர்கள். ஹாஃப்கட் கடையிலிருந்து (வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடை) பழைய டர்போ ஒன்றை 1,200 வெள்ளிக்கு வாங்கித் தருவதாகவும், அதில் பாதியை நான் கட்ட வேண்டும் என்றும் சொன்னீர்கள். இதை என்னால் ஏற்க முடியாது. எண்ணெய்க் குழாயை மாற்றாமல், உள்ளே இருக்கும் அழுக்கைக் கழுவாமல் எந்த டர்போவைப் போட்டாலும் அதுவும் போய்விடும். போமன் இதைத்தான் முதலில் சொன்னார்.

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். வியாபாரி விற்கும் பழைய காருக்கும் அது பொருந்தும். ரசீதின் அடியில் "விற்ற பொருளுக்குப் பொறுப்பில்லை" என்று அச்சடித்திருப்பதால் அந்தப் பொறுப்பு நீங்கிவிடாது. பழைய காரில் சின்னச் சின்ன வேலை வரும் என்பது எனக்கும் தெரியும். பேட்டரியும் பிரேக் பேடும் என் செலவில்தான் மாற்றினேன், உங்களிடம் கேட்கவில்லை. இது அப்படிப்பட்ட வேலை இல்லை.

புதிய டர்போ, எண்ணெய்க் குழாய்கள், இண்டர்கூலர் கழுவுதல், எண்ணெய், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்துப் பட்டறை கொடுத்த மதிப்பீடு 7,350 வெள்ளி. இழுவை வண்டிக்கு 380 வெள்ளி கொடுத்தேன். இந்த 7,730 வெள்ளியை நீங்கள் ஏற்க வேண்டும். முடியாது என்றால் காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு நான் கொடுத்த பணத்தைத் தாருங்கள். உங்கள் ஆளை அனுப்பிப் பார்க்க விரும்பினால் தாராளமாக அனுப்புங்கள். கழற்றிய டர்போவையும் குழாயையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

இக்கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். வராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். அங்கே 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுவுக்கு 5 வெள்ளிதான் கட்டணம், வழக்கறிஞரும் தேவையில்லை. ரசீது, சர்விஸ் புத்தகத்தின் நகல், பட்டறை மதிப்பீடு, படங்கள் எல்லாம் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பட்டர்வொர்த்.