அபஸ்வரம் பாடகியின் தொண்டையில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டச் சித்தூரில் சென்ற ஞாயிறு மாலை நடந்த மேற்கத்திய சாஸ்திரியப் பாட்டுக் கச்சேரி பற்றிய விமர்சனம் படித்தோம். ஓர் இளம் பாடகி, ஓர் இளம் பியானோ கலைஞர், வேறு பக்கவாத்தியம் இல்லை. இந்த எல்லைப் பகுதியில் அபூர்வமாக நடக்கிற கச்சேரிக்குத் தமிழ்ப் பத்திரிகை இடம் ஒதுக்கியது சந்தோஷம். ஆனால் 'குழந்தை அலறும் இடங்களில் அப்பட்டமான அபஸ்வரம்', 'பாடகிக்குச் சுருதி நிற்கவில்லை', 'பியானோவில் இடது கை அவ்வப்போது காணாமல் போனது' என்று விமர்சகர் சொன்ன மூன்று குறைகளும் அந்த இரண்டு பேர் தலையில் விழ வேண்டியவை அல்ல.

முதலில் அலறல். அது ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் 'எர்ல்கோனிக்' என்ற பாட்டு. வரிகள் ஜெர்மன் கவிஞர் கதே எழுதிய கவிதை. இரவில் குதிரையில் விரையும் தகப்பன், கையில் காய்ச்சல்காரக் குழந்தை, அதை ஆசை காட்டி அழைக்கும் காட்டு அரசன், கதை சொல்பவர் என்று நான்கு பேரையும் ஒரே குரல் பாட வேண்டும். குழந்தை 'அப்பா, அப்பா' என்று அலறுவது மூன்று இடங்களில். அங்கே பாடகியின் சுரம் பியானோவின் சுரத்தோடு அரைச்சுரம் இடித்துக்கொள்ளும்படி ஷூபர்ட்டே எழுதி வைத்திருக்கிறார். ஷட்ஜத்தை ஒருவர் பிடித்திருக்க, இன்னொருவர் சுத்த ரிஷபத்தில் நின்றால் காது எப்படிக் கூசும், அது. முதல் அலறலில் பியானோ டி என்ற சுரத்தில், குரல் அதற்கு அரைச்சுரம் மேலே ஈ ஃப்ளாட்டில். இரண்டாவதில் இரண்டும் ஒரு முழுச்சுரம் மேலே, மூன்றாவதில் இன்னும் ஓர் அரைச்சுரம். பயம் ஏற ஏற இடியும் ஏறுகிறது. பாடகி மூன்றையும் நெளியாமல் நிறுத்திப் பிடித்தார். அந்த இடத்தில் காது கூசாவிட்டால்தான் தப்பாகப் பாடியிருக்கிறார் என்று அர்த்தம். 'இந்தப் பாட்டுக்கு வயது போதாது' என்ற வரியையும் பார்த்தோம். இதை எழுதிய 1815இல் ஷூபர்ட்டுக்கு வயது 18.

மற்றபடி சுருதி விலகியது உண்மை, விலகியது பியானோ. இந்தக் கருவியில் 220க்கும் மேற்பட்ட கம்பிகள். அவற்றின் இழுவிசையைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம், ஆனால் ஒலி கொடுப்பது அடியில் இருக்கும் மெல்லிய ஸ்ப்ரூஸ் மரப் பலகை. பலகையின் மேல் வீணைக் குதிரை மாதிரி ஒரு நீண்ட குதிரை, அதன் மேல் கம்பிகள். பலகை நடுவில் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். ஈரம் குடித்தால் இன்னும் உப்பிக் கம்பியை இறுக்கும், காய்ந்தால் சப்பையாகிக் கம்பி தளரும். இந்த ஏற்ற இறக்கம் எல்லாக் கட்டைகளிலும் ஒன்றுபோல் வராது. நடு ஸ்தாயியில்தான் அதிகம். எர்ல்கோனிக்கில் வலது கை விடாமல் தட்டிக்கொண்டே இருப்பதும் அங்கேதான்: நிமிடத்துக்கு 152 அடி, அடிக்கு மூன்று தட்டு, ஆதி தாளத்தைத் திஸ்ர நடையில் ஓட்டுவது போல.

இனி நம் ஊர்க் காற்றுக்கு வருவோம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் திறந்து கிடக்கிற கணவாய் வழியாகத் தை மாதம் முழுக்க உதடு வெடிக்கிற கிழக்குக் காற்று. வெள்ளிக்கிழமை கதவு ஜன்னல் பூட்டிய அரங்கில் சுருதி சேர்த்துவிட்டுப் போனார்கள். ஞாயிறு மதியம் எல்லா ஜன்னலையும் திறந்து, மின்விசிறிகளை முழு வேகத்தில் விட்டு, மேடை விளக்குகளையும் போட்டார்கள். விளக்குச் சூட்டில் கம்பி நீள்கிறது, காற்றில் பலகை காய்கிறது. இரண்டும் சுருதியை இறக்கும். பாடகி எதைக் கேட்டுப் பாடுவது, இறங்கிவிட்ட நடு ஸ்தாயியையா, அவ்வளவாக அசையாத மேல் ஸ்தாயியையா? இரண்டுக்கும் நடுவில் அவர் தடுமாறியது நான்கைந்து இடம்தான்.

தம்புராவைப் பாட்டுக்குப் பாட்டு சரிசெய்துகொள்ளலாம், மிருதங்கத்தை இடையில் தட்டிச் சேர்க்கலாம். பியானோவுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் வேண்டும். ஆகவே கச்சேரி நாளன்றே, கச்சேரிக்கு இருக்கப்போகிற அதே ஜன்னல், விசிறி, விளக்கு நிலையில் மூன்று மணி நேரமாவது வைத்திருந்து, அதற்குப் பிறகு ஏ சுரம், அதாவது நம் கணக்கில் 6 கட்டை, 440 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 440 அதிர்வு) நிற்கும்படி சேர்க்க வேண்டும். ரொம்ப இறங்கியிருந்தால் ஒரே சுற்றில் நிற்காது. பின்னால் ஏற்றுகிற கம்பிகளின் பாரம் முன்னால் ஏற்றியவற்றை இறக்கிவிடும். இரண்டு சுற்று போயே ஆக வேண்டும்.

இடது கை காணாமல் போனதற்கும் விசிறிதான் காரணம். மேடை ஓரத்துப் பெடஸ்டல் ஃபேன் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் போட்டது. வலது கை ஒரு நொடிகூட நிற்க முடியாத பாட்டில், பாவம், அந்தப் பிள்ளை எந்தக் கையால் தாளைப் பிடிப்பார்? துணி காயப்போடுகிற கிளிப் நான்கு போதும். தாள் புரட்ட ஓர் ஆளும் வேண்டும். அவர் இடப்பக்கம் சற்றுப் பின்தள்ளி உட்கார்ந்து, எழுந்து நின்று, தாளின் மேல்மூலையை இடது கையால் திருப்ப வேண்டும். வலது கையை நீட்டினால் வாசிப்பவரின் பார்வையை மறைக்கும்.

மைக் சமாசாரம்தான் எல்லாவற்றிலும் மோசம். 200 நாற்காலி அரங்குக்கு மைக் எதற்கு? ஒலிபெருக்கி வேண்டாம் என்று பிடிவாதமாக நின்ற மிருதங்க வித்வான் பாலக்காடு மணி அய்யரின் மண்ணில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாடகிக்கு மட்டும் மைக் வைத்து, அவரைப் பியானோவிலிருந்து பத்தடி தள்ளி மேடை விளிம்பில் நிறுத்தினார்கள். அவர் நிற்க வேண்டியது பியானோவின் பக்கவாட்டு வளைவில். மூச்சு எடுப்பது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால்தான் இருவரும் சேர்ந்து எடுக்க முடியும். பாடகி குரலை இறக்கிய இடத்திலெல்லாம் ஒலிப்பெட்டிக்காரர் ஏற்றிவிட்டார். காட்டு அரசன் முதலில் மிரட்டுபவன் அல்ல, கொஞ்சுபவன். அவன் பேச்சுத் தொடங்குவதே பியானிஸிமோவில், அதாவது மிக மெல்லிய ஒலியில். அது முழக்கமாக வந்தது. பியானோ மூடியை முழுக்க மூடி, மேலே பூச்சாடி வேறு. மூடினால் சத்தம் குறையும் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் குறைவது ஒலியின் தெளிவுதான். தன் வாசிப்பே சரியாகக் கேட்காமல் வாசிப்பவர் இன்னும் ஓங்கி அடிப்பார். மூடியைச் சின்னக் குச்சியில் லேசாகத் திறந்து நிறுத்தியிருந்தால் போதும்.

விமர்சகர் கவனிக்காத நிஜமான குறை ஒன்று உண்டு. ஜெர்மன் சொற்களின் கடைசி மெய்யெழுத்துகளைப் பாடகி விழுங்கினார். 'கிண்ட்' என்பதில் அந்த 'ட்' காதில் விழ வேண்டும். அவர் உழைக்க வேண்டியது அங்கே.

ரசிகர்களுக்கும் ஒன்று. 'அவன் கைகளில் குழந்தை' என்ற பிறகு ஒரு நிறுத்தம் வரும், அதற்கு அப்பால்தான் 'இறந்து கிடந்தது'. ஞாயிறன்று நிறுத்தத்திலேயே கைதட்டிவிட்டார்கள். கடைசி இரண்டு பியானோ அடிகளும் அதில் போயின. வாசிப்பவர் கை கட்டையை விட்டு இறங்கும் வரை பொறுக்கலாம். பாட்டுகளின் தமிழ் அர்த்தத்தை ஒரு தாளில் அடித்துக் கொடுத்திருந்தால் யாரும் அவசரப்பட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று: படத்தின் கீழே இயற்றியவர் மோட்சார்ட் என்று அச்சாகியிருக்கிறது. ஷூபர்ட் என்று திருத்தம் போடவும்.

இப்படிக்கு,
பியானோ சுருதி சேர்ப்பவர்கள் இருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.