சொட்டும் குழாயை இறுக்கித் திருகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை வந்தால் தண்ணீர்ச் சிக்கனம் பற்றி நிறையப் பேசுகிறோம். ஆனால், சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றப் பல வீடுகளில் ஒருவருக்கும் தெரிவதில்லை. பிளம்பர் வரும்வரை அடியில் வாளியை வைத்துவிட்டு, குழாயை இன்னும் பலமாகத் திருகி மூடுகிறார்கள். ரப்பர் வாஷர் வெட்டுப்பட்டுப் பள்ளம் விழுவதே இந்த இறுக்கத்தால்தான்.

எங்கே கசிகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வாயில் சொட்டினால் வாஷர் தேய்ந்திருக்கும். திருகும் தண்டைச் சுற்றிக் கசிந்தால் கிளாண்ட் நட்டை (தண்டைச் சுற்றியிருக்கும் நட்டு) கால் சுற்று இறுக்கினாலே பெரும்பாலும் நிற்கும். சுவரோரம் கசிந்தால் பெரும்பாலும் மரையில் சுற்றிய டெஃப்லான் டேப் (கசிவைத் தடுக்கும் மெல்லிய வெள்ளை நாடா) போய்விட்டது என்று பொருள்.

வாஷர் மாற்ற, குழாய்க்கு வரும் தண்ணீரை நிறுத்தும் கேட் வால்வை மூடிக் குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். குழாயின் உடலை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் தலைப்பகுதியைக் கழற்றுங்கள். பிடிக்காமல் கழற்றினால் மொத்தக் குழாயும் திரும்பி, சுவருக்குள் இருக்கும் எல்போ (வளைவு இணைப்பு) உடையும். பிறகு டைல்ஸையே பெயர்க்க வேண்டியதுதான். புது வாஷர் போட்டும் சொட்டினால், அது உட்காரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே பித்தளை அரித்துச் சொரசொரப்பாக இருந்தால் எந்த வாஷரும் நிற்காது; அந்த இடத்தைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும், அல்லது குழாயையே மாற்ற வேண்டும். கால் சுற்றில் திறக்கும் புதுவகைக் குழாயில் இந்த வாஷர் கிடையாது; உள்ளே பீங்கான் தகடு வைத்த கார்ட்ரிட்ஜ் இருக்கும். கைப்பிடி மாட்டும் அதன் தண்டிலுள்ள பல் எண்ணிக்கையும் உயரமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால், பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போவது நல்லது.

டெஃப்லான் டேப்பை மரையின் முனை நம்மைப் பார்த்திருக்கும்படி பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால், குழாயை முடுக்கும்போதே பிரிந்துவிடும். முடுக்கிய பின் வாய் நேராக நிற்கவில்லையென்று பின்னோக்கித் திருப்பக் கூடாது. கழற்றிப் புது டேப் சுற்றுவதுதான் வழி.

எவ்வளவு இறுக்கினால் போதும் என்பது படித்தால் வராது, கைக்குத்தான் பிடிபட வேண்டும். காயலான் கடையில் ஒரு பழைய குழாயும் பிளாஸ்டிக் எல்போவும் வாங்கி, எல்போ விரியும்வரை ஒருமுறை முடுக்கிப் பார்த்தால் அந்த அளவு தெரிந்துவிடும். வீட்டுச் சுவரில் அதைச் சோதிக்க முடியாது.

அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் மாதம் ஒரு சனிக்கிழமை தங்கள் பட்டறையைப் பொதுமக்களுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் திறந்துவிட்டால், இதை அரை நாளில் கற்றுக்கொள்ளலாம். பழைய குழாய்களும் பைப் துண்டுகளும் போதும். கீசர், மோட்டார் போன்ற மின்சார வேலைகளை இதோடு சேர்க்க வேண்டாம். அவற்றுக்குத் தனிப் பயிற்சி தேவை.

இப்படிக்கு,
குழாய்ப் பணிப் பயிற்றுநர்,
மதுரை.