ஸ்டிக்கரைத் தாண்டியும் பாருங்கள்: தர ஆடிட்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

வாகன நிறுவனங்களிலிருந்து அம்பத்தூர், ஓசூர், கோவைப் பக்கத்துச் சிறு பட்டறைகளுக்கு ஆடிட் செய்ய வரும் தரப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். உங்களைப் போன்றவர்களுக்கு உதிரிபாகம் பூட்டித் தரும் ஒரு சின்னப் பட்டறையில் தரப் பிரிவைக் கவனிக்கிறேன். நீங்கள் வந்தால், போல்ட்டைக் குறித்த டார்க்கில், அதாவது முறுக்கு விசையில், இறுக்கும் டார்க் ரெஞ்ச் பக்கம் என்ன நடக்கும் என்பது எங்களுக்கு மனப்பாடம். கைப்பிடியில் ஒட்டிய ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்ப்பீர்கள். அடுத்த காலிபிரேஷன் (அளவு சரிபார்ப்பு) தேதி தாண்டவில்லை, சான்றிதழ் என்ஏபிஎல் என்ற தேசிய அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துடையது என்றால் படிவத்தில் ஒரு டிக். அப்புறம் அடுத்த மேஜை. அந்த டிக்கை நம்பி வண்டி ஓட்ட முடியாது என்று சொல்லத்தான் இந்த மடல்.

கையால் இழுக்கும் ரெஞ்சுகளுக்கு ஐஎஸ்ஓ 6789 என்று ஒரு தரநிலை இருக்கிறது. தனக்கென்று வேறு கட்டுப்பாட்டு முறை வைத்திராதவர்கள் 12 மாதத்துக்கு ஒருமுறை, அல்லது 5000 முறை இழுத்தபின், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது காலிபிரேட் செய்ய வேண்டும் என்கிறது அது. ஸ்டிக்கரில் ஏறுவது மாதக்கணக்கு மட்டும்தான். ஒரு ஷிஃப்டில் 400 பாகம், பாகத்துக்கு 4 போல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் நாளே 5000 தாண்டிவிடும். மீதி வருஷம் முழுக்க அந்த ஸ்டிக்கர் எதைச் சொல்கிறது?

நாலு நாளைக்கு ஒருமுறை ரெஞ்சை ஆய்வகத்துக்கு அனுப்ப எந்தப் பட்டறையாலும் ஆகாது. லைனுக்குப் பக்கத்திலேயே, ரெஞ்ச் கொடுக்கும் டார்க்கை அளந்து காட்டும் ஒரு டார்க் டெஸ்டர் வைப்பதுதான் நடக்கிற காரியம். உள்ளே பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு எஃகுத் தண்டு, அதன் அச்சுக்கு 45 டிகிரியில் ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜ்கள், அதாவது நீட்சியையும் சுருக்கத்தையும் மின்சிக்னலாகக் காட்டும் மெல்லிய பட்டைகள். தண்டை முறுக்கும்போது நீட்சியும் சுருக்கமும் உச்சத்தில் இருப்பது அந்தக் கோணத்தில்தான். நான்கு கேஜ்களை வீட்ஸ்டன் பாலம் என்ற மின்சுற்றாக இணைத்தால் இரண்டு நீளும், இரண்டு சுருங்கும். வளைவாலும் வெப்பத்தாலும் வரும் தவறு பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே கழிந்துவிடும். கேஜ் பழைய சரக்குதான், 1938-இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸும் ஆர்தர் ரூஜும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. ஆய்வகத்தில் ஓடும் மோட்டாரின் டார்க்கை அளக்கும் கருவிகளில் பலவும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன. அங்கே சுற்றும் தண்டிலிருந்து சிக்னலை வெளியே கொண்டுவர ஸ்லிப் ரிங் என்ற உரசும் மின்வளையமோ கம்பியில்லா இணைப்போ வேண்டும், அதனால் விலையும் ஏறும். எங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. ஷிஃப்ட் தொடங்கும்போது டெஸ்டரில் ஐந்தாறு முறை இழுத்து நோட்டில் எழுதினால், ரெஞ்ச் நழுவ ஆரம்பித்த அன்றே தெரிந்துவிடும். அந்த நோட்டை இதுவரை என்னிடம் கேட்டவர் யாருமில்லை.

சான்றிதழின் இரண்டாம் பக்கத்தையும் கொஞ்சம் புரட்டுங்கள். பெரும்பாலும் ரெஞ்சின் அதிகபட்ச அளவில் 20, 60, 100 சதவீதம் என்று மூன்று இடத்தில்தான் சோதித்திருப்பார்கள். 200 நியூட்டன் மீட்டர் (டார்க்கின் அலகு) ரெஞ்ச் என்றால் 40, 120, 200. அதே ரெஞ்சை 25-இல் வைத்து இறுக்கினால் அந்தச் சான்றிதழுக்கும் அந்த போல்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்தது நமக்குள் அடிக்கடி நடக்கும் சண்டை. இறுக்கி முடித்த போல்ட்டை மறுநாள், டார்க்கை முள்ளால் காட்டும் டயல் ரெஞ்ச் வைத்து, அசையும் வரை இழுத்துப் பார்க்கிறீர்கள். வரைபடத்தில் உள்ளதைவிட அதிகம் காட்டினால் ரிஜெக்ட். நின்றுபோன போல்ட்டை மறுபடி நகர்த்த நிலையுராய்வை வெல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது இருக்கும் உராய்வைவிட அது அதிகம். அதனால் இரும்போடு இரும்பு உட்காரும் இணைப்பில் மறுசோதனை கூடுதலாகக் காட்டுவது சகஜம். கேஸ்கெட் (நடுவில் வைக்கும் மெத்தென்ற அடைப்பு) வைத்த இணைப்பில் கேஸ்கெட் அமுங்கித் தளர்ந்து குறைவாகக் காட்டும். இரண்டிலும் இறுக்கியவர் சரியாகவே இறுக்கியிருக்கலாம். இறுக்கும்போது அளந்த டார்க் ஒன்று, பிறகு அளக்கும் டார்க் வேறொன்று. இரண்டையும் ஒரே எல்லைக்குள் அடைத்து ரிஜெக்ட் சீட்டு எழுதுவது, மன்னிக்கவும், அநியாயம்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது உராய்வுதான். நாம் போடும் டார்க்கில் சுமார் பாதி போல்ட் தலைக்கு அடியிலும் சுமார் 40 சதவீதம் மரையிலும் உராய்வுக்கே போய்விடும். பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கும் இழுவிசையாக மாறுவது பத்தில் ஒரு பங்குதான். இந்த உராய்வையெல்லாம் சேர்த்துக் கணக்கில் போடும் ‘நட் ஃபேக்டர்’ என்ற எண் உலர்ந்த போல்ட்டுக்குச் சுமார் 0.2, எண்ணெய் பட்டால் 0.15 அளவுக்கு இறங்கும். அதே டார்க்கில் போல்ட்டின் இழுவிசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், ரெஞ்சும் எப்போதும்போல ‘டிக்’ என்று சரியாகவே சத்தம் கொடுக்கும். ஆனால் உங்கள் வரைபடங்களில் டார்க் எண் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது. போல்ட் உலர்ந்ததா, எண்ணெய் தடவியதா என்று ஒரு வார்த்தை இருப்பதில்லை. ஹெல்பர் பையன் எண்ணெய்க் கையோடு போல்ட் எடுத்தால் கதை மாறிவிடும்.

நான் கேட்பது அதிகமில்லை. வரைபடத்தில் உலர்ந்ததா, எண்ணெயா என்று எழுதுங்கள். மறுசோதனைக்கென்று தனி எல்லை கொடுங்கள். புது பாகம் வரும்போது மாதிரிகளை இறுக்கி, பிறகு இழுத்துப் பார்த்து, இருதரப்பும் சேர்ந்தே அதை முடிவு செய்யலாம். ஆடிட்டுக்கு வரும்போது ஆபரேட்டரைக் கூப்பிட்டு, டெஸ்டரில் உங்கள் கண்முன் இழுக்கச் சொல்லுங்கள். டெஸ்டருக்கும் சான்றிதழ் கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். டெஸ்டர் வாங்க வசதியில்லாத பட்டறைகளும் உண்டு. ஒரே தொழிற்பேட்டையில் உங்களுக்குச் சப்ளை செய்யும் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றைப் பகிர்ந்துகொண்டால் அதை ஒப்புக்கொள்வதாக உங்கள் விதிமுறையில் ஒரு வரி சேர்த்தால் போதும், பணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து ஒரு தரப் பிரிவு ஊழியர்